காத்தாயி பெரியம்மா கோட்டுல சொன்ன சாட்சி

எனக்கு இப்ப எண்பது நடக்குது. அஞ்சு பிள்ளைங்கள வளர்த்தேன், நாலு என் வயித்துல வந்தது, ஒண்ணு என் கைக்கு வந்தது. அஞ்சுக்கும் கல்யாணம் பண்ணிப் பார்த்தாச்சு, யார் வீட்டு வாசல்லயும் போய் நிக்காமப் பார்த்தாச்சு. இத எதுக்கு மொதல்ல சொல்றேன்னா, ஏதோ புத்தி பேதலிச்ச கிழவி உளறுதுன்னு யாரும் நெனச்சிடக் கூடாது. எனக்கு எழுத வராது, பேரு போடுவேன், பஸ்ஸுல எழுதியிருக்கற ஊர்ப் பேரப் படிப்பேன், அவ்வளவுதான். அதனால நான் சொல்லச் சொல்ல பேத்தி எழுதுறா. ஆனா ஞாபகம் மட்டும் எனக்கு இரும்பு.

பேய் பிசாசு, குறி, மந்திரிச்சுக் கயிறு கட்டறது, இதுல ஒண்ணையும் நம்பினவ இல்ல நான். மலேசியாத் தோட்டத்துல பதினாலு வயசுல இருந்து ரப்பர்ப் பால்மரம் வெட்டினவ. விடியக்காத்தால நெத்தியில விளக்கக் கட்டிக்கிட்டு ஒத்தையா மரத்துக்குள்ள போவேன், ஒரு பேயும் எங்கிட்ட வந்து "அஞ்சலை, சௌக்கியமா"ன்னு கேட்டதில்ல. பாம்பு வந்திருக்கு, காட்டுப்பன்னி வந்திருக்கு, ஒரு தடவ ஒரு கங்காணி வந்தான், அவனுக்குப் பால் வாளியாலயே ஒண்ணு குடுத்து அனுப்பினேன். அப்படிப்பட்டவ சொல்றேன், பட்டப்பகல்ல, ஈப்போ கோட்டுல, விசிறி சுத்திக்கிட்டு இருக்க, ஏழு பேரு முன்னால நடந்தது இது. நம்பறவங்க நம்புங்க, நம்பாதவங்களுக்கு நான் சூடம் அணைச்சா காட்ட முடியும்?

எங்க தோட்டம் சிம்பாங் பூலாய்ல இருந்து உள்ள போகணும். இப்ப அங்க மரமும் இல்ல நாங்க குடியிருந்த லயமும் இல்ல, எல்லாம் வீட்டு வரிசை. அந்தத் தோட்டத்துல காத்தாயி பெரியம்மான்னு ஒருத்தங்க இருந்தாங்க. எனக்கு உறவு இல்ல, எல்லாரும் பெரியம்மான்னு கூப்பிடுவோம். பனைமரம் கணக்கா ஒசரம், காதுல தண்டட்டி போட்டுக் கழட்டின பெரிய ஓட்டை, வாய் நெறைய வெத்தல. மொறத்துல அரிசியப் பரப்பி, ஆள்காட்டி விரலால ஒரு கோடு இழுத்து, கோட்டுக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் பார்த்துக் குறி சொல்வாங்க. வெத்தல பாக்கத் தவிர ஒண்ணும் வாங்க மாட்டாங்க. லூமுட்டுல இருந்து மீன்காரங்க வருவாங்க, ஈயம் எடுக்கற சீனங்க வருவாங்க, ஈப்போவுல சாப்பாட்டுக் கடை வச்சிருந்த பாய் ஒருத்தரு யாருக்கும் தெரியாம டாக்சி புடிச்சு வருவாரு.

அவங்களப் பத்தி தோட்டத்துல ஒரு பெரிய கதை உண்டு. வெள்ளைக்காரன் காலத்துல எங்க தோட்டத்துத் தொரை, "இவ குறி சொல்லி ஆளுங்களக் கெடுக்கறா, வேலைக்கு வரமாட்டேங்கறாங்க"ன்னு அவங்கள ஈப்போ கோட்டுக்கு இழுத்துட்டுப் போனானாம். ரயில் ஸ்டேசனுக்குப் பக்கத்துல இருக்குதே, வளைவு வளைவா வெள்ளைக் கட்டடம், அதே கோட்டுதான். அங்க இருந்த வெள்ளைக்கார ஜட்ஜு, "எங்க, எனக்குச் சொல்லு பார்ப்போம்"னு கேட்டானாம். இவங்க தமிழ்ல சொல்லியிருக்காங்க. இங்கிலீசுல மாத்திச் சொல்ல ஆள் வரதுக்கு முன்னாலயே ஜட்ஜு மூஞ்சி வெளுத்துப் போச்சாம், வழக்க அப்படியே மூடிட்டு எழுந்து போயிட்டானாம். இவங்க பேசினது அவனுக்கு அவன் பாஷையிலயே கேட்டுச்சாம். அப்புறம் அவன் கப்பலேறிட்டான்னு ஒருத்தர் சொல்வாங்க, அந்த அறையிலயே அழுதான்னு இன்னொருத்தர் சொல்வாங்க. பெரியம்மாவக் கேட்டா, "அவன் எனக்கு டீ வாங்கிக் குடுத்தான், சக்கரை பத்தல"ன்னு முடிச்சிடுவாங்க. ஆனா அந்தக் கோட்டுப் படிய மறுபடி மிதிக்க மாட்டேன்னு மட்டும் சொல்லி வச்சிருந்தாங்க.

நான் அந்தக் கதையக் கேட்டுச் சிரிப்பேன். ஏன்னா சீனங்க, மலாய்க்காரங்க குறி கேக்க வந்தா, பெரியம்மா தமிழ்ல சொல்றத மலாய்ல மாத்திச் சொல்ற ஆளே நான்தான். சின்ன வயசுல சீனக் கடைக்கு எதுத்தாப்புல வளர்ந்ததால எனக்குப் பாசார் மலாய், கடைத்தெருவுல பேசற மலாய், தண்ணியா வரும். "ஏன் பெரியம்மா, வெள்ளைக்காரனுக்கே கேட்டுச்சுன்னா இந்தச் சீனனுக்கு மட்டும் கேக்காதா, எதுக்கு என்ன வேலைய விட்டுட்டு வரச் சொல்றீங்க?"ன்னு கேப்பேன். "நீ வாயாடி, உனக்கு ஒரு வேலை வேணும்ல, வாடி"ம்பாங்க. எனக்கு மட்டும் அவங்க குறி சொன்னதே இல்ல. கேட்டாலும், "நீ மூஞ்சியச் சுளிப்பே, போ"ன்னுடுவாங்க. ஆனா என் மேல உசிரு. எனக்குக் கல்யாணமாகி எட்டு வருஷம் பிள்ளை தங்கல. ரெண்டு கலைஞ்சு போச்சு, மூணாவது பத்து மாசமும் இருந்து, மூச்சு இல்லாமப் பொறந்துச்சு. மாமியார் என் கையால தண்ணி வாங்கிக் குடிக்காத அந்த நாள்ல, பெரியம்மாதான் கஞ்சி காய்ச்சிக் கொண்டாந்து, "குடிடி, உன் மாமியாக்காரி என்ன மகாராணியப் பெத்தாளா, அவ பெத்ததும் இந்த மரம் வெட்டறதுதான்"னு சொல்லிச் சிரிக்க வைப்பாங்க.

அந்தப் பிள்ளைய அடக்கம் பண்ணி மூணு வாரம் இருக்கும். எழுபதாம் வருஷம் வாக்குல. பெரியம்மா வீட்டுப் பலாமரத்தடிக்கு ஒரு சீனப் பொம்பள வந்தா. பேரு ஆ லான். என் வயசுதான் இருக்கும். புருஷன் ஈயம் தோண்டற லம்பத்துல வேலை செய்யறவன், கைக்குழந்தை பொறந்ததுல இருந்து அவன் படுத்த படுக்கை. குழந்தைக்கும் அப்பனுக்கும் ஜாதகம் ஒத்துக்கலைன்னு அவங்க ஆளுங்க சொல்லிட்டாங்களாம். அந்த மாதிரி பொம்பளப் பிள்ளைங்கள தமிழங்க வீட்டுக்குக் குடுத்திடறது அப்பெல்லாம் வழக்கம்தான், நம்ம தோட்டங்கள்ல எத்தன வீட்டுல சீனப் பிள்ளைங்க பொட்டு வச்சுக்கிட்டு வளர்ந்தாங்க. அவ குடுக்கறதா வேணாமான்னு கேக்க வந்திருந்தா.

பெரியம்மா அரிசியப் பரப்பிக் கோடு இழுத்தாங்க. ரொம்ப நேரம் பார்த்தாங்க. அப்புறம் சொன்னாங்க, "தகப்பனுக்கும் பிள்ளைக்கும் இப்போதைக்கு ஆகல. மூணு வருஷம் வேற கையில வளரட்டும். மூணு வருஷம் முடிஞ்சா இவ தாராளமாக் கூட்டிக்கலாம், ஒண்ணும் செய்யாது. சொல்லுடி அவகிட்ட."

இந்த எடத்த நான் இது வரைக்கும் எங்க வீட்டுல யார்கிட்டயும் சொன்னதில்ல. என் வீட்டுக்காரர்கிட்ட கூட. அவரு போய்ச் சேர்ந்தும் வருஷம் ஆச்சு.

குழந்தைக்குக் கழுத்தெல்லாம் வேர்க்குரு. பசியில அம்மா சட்டைக் கையைச் சப்பிக்கிட்டு இருந்துச்சு, அவளுக்குப் பால் இல்லையாம். எனக்கு மூணு வாரமாப் பால் வத்தவே இல்ல. அது சப்பற சத்தத்தக் கேட்டதும் என் ரவிக்கை நனைஞ்சு போச்சு. நான் ஆ லான் மூஞ்சியப் பார்த்துச் சொன்னேன், "நெனே சொல்றாங்க, கசி ஓராங் லா. அம்பில் பாலேக் தாக் போலே." நெனேன்னா பாட்டி. பாட்டி சொல்றாங்க, ஆளுக்குக் குடுத்திடு, திருப்பி எடுக்கக் கூடாதுன்னு. அவ்வளவுதான் சொன்னேன். மூணு வருஷம்ங்கற பேச்சே என் வாயில வரல.

ஆ லான் என்னையே பார்த்தா. அப்புறம் பெரியம்மாவப் பார்த்தா. அப்புறம் குழந்தைய என் மடியில வச்சா. பொறப்புப் பத்திரத்த நாலா மடிச்சு என் கையில குடுத்தா. கோட்டுக்குப் போகணும், எழுதி வாங்கணும்னு அவளுக்கும் தெரியாது எங்களுக்கும் தெரியாது, வெத்தல பாக்கு மாத்திக்கிட்டா முடிஞ்சு போச்சுன்னு நெனச்ச காலம்.

அந்தக் குழந்தைதான் மல்லிகா. இப்ப இத எழுதிக்கிட்டு இருக்கறவளோட அம்மா.

மல்லிகா வந்த நேரம், ஆ லான் புருஷன் எழுந்து உக்காந்துட்டான்னு கேள்விப்பட்டோம், லூமுட் பக்கம் போயிட்டாங்க. எனக்கும் வரிசையா நாலு பிள்ளைங்க. மூணாவது வருஷம் பெரியம்மா ஒரு நாள் என்னக் கேட்டாங்க, "ஏண்டி, மூணு வருஷம் ஆச்சே, அந்தச் சீனப் பொம்பள இன்னும் வரல?" நான் அடுப்பப் பார்த்துக்கிட்டே, "அவளுக்கு விருப்பம் இல்லையாம் பெரியம்மா"ன்னேன். "ஓ"ன்னாங்க. அவ்வளவுதான். ஒரு பொய்யக் காப்பாத்த ரெண்டாவது பொய்.

மல்லிகாவுக்குப் பன்னிரண்டு வயசாச்சு, ஐசி, அடையாள அட்டை, எடுக்கணும். அப்பதான் பிடிச்சுது சனி. பத்திரத்துல பெத்தவ பேரு சீனப் பேரு, கூட்டிட்டுப் போற நாங்க தமிழங்க. ஆபீஸ்ல வாங்க மாட்டேன்னுட்டாங்க. கோட்டுல தத்து எழுதி வாங்கணும், அதுக்குப் பெத்தவ கையெழுத்து வேணும்னு வெல்பேர் ஆபீஸ்ல இருந்து ஒரு மலாய்க்கார அம்மா வந்தாங்க, தங்கமான மனுஷி. அவங்கதான் தேடி லூமுட் படகுத்துறை பக்கம் கருவாடு விக்கற ஆ லானக் கண்டுபிடிச்சாங்க. வந்து, அத்தைன்னு கூப்பிடற மாதிரி மக்சிக்னு கூப்பிட்டுச் சொன்னாங்க, "கையெழுத்து போட மாட்டேங்கறா, மக்சிக். கோட்டுக்கு வரேங்கறா. அந்தக் குறி சொன்ன பாட்டியும் வரணுமாம். அன்னைக்கு என்ன சொன்னாங்களோ அத ஜட்ஜு முன்னால மறுபடி சொல்லட்டும், கேட்டுட்டுப் போடறதா வேணாமான்னு பார்க்கறேங்கறா."

பெரியம்மா வரலேன்னா அவ கையெழுத்துப் போட மாட்டா, பிள்ளை போச்சு. பெரியம்மா வந்தா உள்ளத உள்ளபடி சொல்வாங்க, மூணு வருஷம்னு. அப்பவும் பிள்ளை போச்சு. மல்லிகா எண்ணெய் வச்சு ரெட்டப் பின்னல் போட்டுக்கிட்டு, தம்பிங்கள அதட்டிக்கிட்டு, சீன மூஞ்சியில தமிழ்ல வாய் கிழியப் பேசற பிள்ளை. அவ வந்து கேட்டா, "அம்மா, ஜட்ஜு அந்தம்மாகூடப் போன்னு சொன்னா நான் போகணுமா?" நான் என்ன சொன்னேன் தெரியுமா, "போய்க் குளி, தலையெல்லாம் வேர்வை"ன்னேன்.

பெரியம்மாகிட்ட போனேன். "அந்தக் கோட்டுப் படிய மிதிக்க மாட்டேன்"னு ஆரம்பிச்சாங்க. அப்புறம் வாசல்ல மல்லிகா நிக்கறதப் பார்த்தாங்க. "இவளுக்காகவா? அப்ப வாரேன். ஆனா பஸ்ஸுல சன்னல் பக்கம் எனக்குத்தான் லா"ன்னாங்க. பொய் சொல்லுங்கன்னு எப்படிக் கேப்பேன்? கேக்கணும்னா நான் செஞ்சதச் சொல்லணும். பஸ்ஸுல போறப்ப ரெண்டு தடவ வாயத் தொறந்தேன். "பெரியம்மா, அன்னைக்கு நான்..." "பேசாம வாடி, வயித்தப் பெரட்டுது." குனோங் ராபாட் தாண்டினதும் மறுபடி, "பெரியம்மா, ஒண்ணு சொல்லணும்..." "சொல்லாத. வாந்தி எடுத்தா உன் மடியிலதான் எடுப்பேன்." அதோட வாய மூடிக்கிட்டேன்.

கோட்டுல பெரிய கூண்டு வச்ச எடத்துல இல்ல, பக்கத்துல ஒரு அறையில கூப்பிட்டாங்க. மல்லிகாவ வெளிய பெஞ்சுல உக்கார வச்சோம். உள்ள ஜட்ஜு, மலாய்க்காரர், மெலிஞ்ச மனுஷர், மூக்குக் கண்ணாடி. டைப் அடிக்கற ஒரு பிள்ளை. வெல்பேர் அம்மா. ஆ லான், மூலையில கைப்பைய இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு. நானும் என் வீட்டுக்காரரும். அப்புறம் கோட்டு துபாஷி, நம்ம பேச்ச ஜட்ஜுக்கு மலாய்ல மாத்திச் சொல்ற தமிழ் ஆளு, டை கட்டி, தலைய வழிச்சு சீவி, எங்கள எல்லாம் ஒரு மாதிரி மேல இருந்து பார்த்துக்கிட்டு.

சத்தியப் பிரமாணம் எடுக்கச் சொன்னாரு. பெரியம்மா, "சூடம் எங்க?"ன்னாங்க.

"பாட்டி, இங்க சூடமெல்லாம் கிடையாது. நான் சொல்றதத் திருப்பிச் சொல்லுங்க."

"சூடம் இல்லாம எதத் தம்பி அணைக்கறது, உன் கழுத்துல தொங்குதே அதையா?"

டைப் அடிக்கற பிள்ளைக்குத் தமிழ் தெரியும் போல, குனிஞ்சு சிரிச்சுச்சு. எனக்குச் சிரிப்பு வரல. ஜட்ஜு கேட்டாரு, துபாஷி தமிழ்ல சொன்னாரு, "அன்னைக்கு இந்த ஆ லான் குழந்தையோட வந்தப்ப நீங்க அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

பெரியம்மா எழுந்து நின்னாங்க. எழுந்திருக்க வேணாம்னு யாரும் சொல்றதுக்குள்ள பேச ஆரம்பிச்சிட்டாங்க. நான் கேட்டத அப்படியே சொல்றேன். "ஐயா, பொய் சொல்ற வயசு எனக்கு இல்ல. மூணு வருஷம் வேற கையில வளரட்டும், அப்புறம் கூட்டிக்கன்னுதான் சொன்னேன். இந்த அஞ்சலை அத மாத்திச் சொன்னா. மாத்தினது எனக்கு அப்பவே தெரியும். பால் கட்டிக்கிட்டு நிக்கற பொம்பள வேற எப்படிச் சொல்வா? அவளத் திட்டாதீங்க. பிள்ளை நல்லா வளர்ந்திருக்கு, வெளிய பெஞ்சுல இருக்கு, பாருங்க."

எனக்கு உலகம் நின்னு போச்சு. இப்ப துபாஷி இத மாத்திச் சொல்வான், ஜட்ஜு என்னப் பார்ப்பாரு, என் வீட்டுக்காரர் என்னப் பார்ப்பாருன்னு உக்காந்திருந்தேன். யாரும் பார்க்கல. துபாஷியப் பார்த்தேன், அவன் வாய் மூடி இருந்துச்சு. நெத்தியில வேர்வை முத்து முத்தா நிக்குது. ஜட்ஜு குனிஞ்சு எழுதிக்கிட்டே இருக்காரு. துபாஷி ஒரு வார்த்த பேசல, சத்தியமாச் சொல்றேன், ஒரு வார்த்த பேசல, ஜட்ஜு தலைய ஆட்டி ஆட்டி ரெண்டு பக்கம் எழுதி முடிச்சாரு.

அப்புறம் நிமிர்ந்து ஆ லானைக் கேட்டாரு, "கேட்டீங்கல்ல, என்ன சொல்றீங்க?"

அவ பெரியம்மாவையே பார்த்துக்கிட்டு இருந்தா. கண்ணுல தண்ணி. "சாமா," அப்படின்னா. "சாமா மச்சாம் டூலு." அதேதான், அன்னைக்குச் சொன்ன மாதிரியேதான். பேனாவ வாங்கி சீன எழுத்துல மெதுவாக் கையெழுத்துப் போட்டா. வெல்பேர் அம்மா என் கையப் பிடிச்சு அமுக்கினாங்க. முடிஞ்சு போச்சு. மல்லிகா எங்க பிள்ளை.

வெளிய வந்தோம். மல்லிகா ஓடி வந்து என் இடுப்பக் கட்டிக்கிட்டா. என் வீட்டுக்காரர் வேட்டிய உதறிக் கட்டிக்கிட்டே சொல்றாரு, "கிழவி கெட்டிக்காரி அஞ்சலை. 'குடுத்தது குடுத்ததுதான், திருப்பி எடுக்கக் கூடாதுன்னு நான்தான் சொன்னேன்'னு எப்படி அடிச்சுச் சொல்லுச்சு பார்த்தியா?"

"என்ன சொன்னாங்க?"

"உனக்குக் காது அடைச்சிருச்சா? பக்கத்துலதான உக்காந்திருந்தே?"

அவருக்கும் எனக்கும் ஒரே தமிழ். ஒரே பெஞ்சு. பின்னாலயே வெல்பேர் அம்மா வந்தாங்க, "மக்சிக், அந்தப் பாட்டி மலாய் இவ்வளவு நல்லாப் பேசறாங்க, அப்புறம் எதுக்கு துபாஷி கேட்டாங்க?"ன்னு சிரிச்சுட்டுப் போனாங்க. பெரியம்மாவுக்குத் தெரிஞ்ச மலாய் மாரி, பெர்கி, நாசி, அதாவது வா, போ, சோறு, மூணே வார்த்த.

அந்த துபாஷி தூணோரமா நின்னு கைக்குட்டையால கழுத்தத் தொடைச்சுக்கிட்டு இருந்தாரு. என்னப் பார்த்ததும் கிட்ட வந்தாரு, மேல இருந்து பார்க்கற பார்வையெல்லாம் போயிருந்துச்சு.

"அம்மா, தப்பா நெனைக்காதீங்க. உள்ள நான் பேசினேனா?"

"இல்லீங்க தம்பி. நீங்க வாயே தொறக்கல."

"பதினஞ்சு வருஷமா இந்த வேலை பார்க்கறேன். அந்தப் பாட்டி ஆரம்பிச்சதும் நாக்கு மேல ஒட்டிக்கிச்சு. ஐயா எழுதறாரு. நான் ஒண்ணும் சொல்லல, அவரு எழுதறாரு."

"தம்பி, உங்களுக்கு என்ன கேட்டுச்சு?"

அவரு கைக்குட்டைய மடிச்சுப் பையில வச்சாரு. "அவங்க உங்க விஷயமே பேசலம்மா. எங்கம்மாவப் பத்திப் பேசினாங்க. எங்கம்மா செத்து நாலு வருஷம் ஆச்சு." அப்புறம் யாரோ கூப்பிட்டாங்கன்னு வேகமாப் போயிட்டாரு.

பெரியம்மா படியில உக்காந்து வெத்தல மடிச்சுக்கிட்டு இருந்தாங்க. நான் பக்கத்துல உக்காந்தேன். "உள்ள என்ன சொன்னீங்க பெரியம்மா?"

"கேட்டதுக்குச் சொன்னேன்."

"என்ன சொன்னீங்க?"

"நீ அங்கதானடி இருந்தே. இத்தன பெரிய கட்டடம் கட்டியிருக்கான், வெத்தல துப்ப ஒரு எடம் வைக்கல பாரு. எனக்கு மீ கோரேங் வாங்கிக் குடு, வயித்தப் பெரட்டினதுல காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல." மல்லிகா தோளப் பிடிச்சு எழுந்து, அவகூடப் பேசிக்கிட்டே கடைப் பக்கம் நடந்துட்டாங்க. வறுத்த மீ நூடுல்ஸுல முட்டை பத்தலைன்னு கடைக்காரரோட சண்டை வேற.

அதுக்கப்புறம் மூணு வருஷம் இருந்தாங்க. கடைசிப் படுக்கையில நான்தான் எண்ணெய் தேச்சுக் காலு பிடிச்சு விட்டேன். எத்தனையோ தடவ கேட்டேன். "அழுத்திப் பிடிடி, பேச்சுல கை நிக்குது"ன்னுதான் பதில் வரும். எனக்குத் தாயில்லாத கொறையத் தீர்த்த மனுஷி, இந்த ஒண்ண மட்டும் எனக்குச் சொல்லாமலே போயிட்டாங்க.

எண்பத்தொம்பதாம் வருஷம் வாக்குல மல்லிகாவுக்குக் கல்யாணம் வச்சோம். பெத்தவளக் கூப்பிடாமச் செய்யறது பாவம்னு தட்டுல வெத்தல பாக்கு பழம் பத்திரிக்கை வச்சு எடுத்துக்கிட்டு, நானும் வீட்டுக்காரரும் லூமுட் போனோம். ஆ லான் கருவாட்ட வெயில்ல திருப்பிப் போட்டுக்கிட்டு இருந்தா. கையக் கழுவிட்டு வந்து தட்ட ரெண்டு கையாலயும் வாங்கினா. என் வீட்டுக்காரர் படகுத்துறையப் பார்க்கப் போனப்ப, நாங்க ரெண்டு பேரும் தனியா. அவகிட்டயாவது சொல்லிடலாம்னு வாயெடுத்தேன். அன்னைக்கு மரத்தடியில நான் சொன்னது பொய், ஆ லான்னு.

அவ சிரிச்சா. "தங்காச்சி, எனக்குத் தெரியும். நெனே மூணு வருஷம்னு சொன்னாங்க, எனக்குக் கேட்டுச்சு. நீ வேற சொன்னே. உன் சட்டை நனைஞ்சிருந்துச்சு, பார்த்தேன்."

"உனக்குத் தமிழ் தெரியுமா?"

"சத்து பாத்தா பூன் தாக் தாவு." ஒரு வார்த்த கூடத் தெரியாதாம்.

மூணு வருஷம் முடிஞ்சதும் பிள்ளையக் கூட்டிட்டுப் போகத் தோட்டத்துக்கு வந்தாளாம். கடை ஓரமா நின்னாளாம். மல்லிகா ஓடி வந்து கீழ விழுந்து முட்டி பேர்ந்து, இவளத் தாண்டி "அம்மா, அம்மா"ன்னு அழுதுக்கிட்டே எங்கிட்ட ஓடினாளாம். அடுத்த பஸ்ஸுலயே திரும்பிட்டேன்னு சொன்னா. "பின்ன எதுக்கு அன்னைக்குக் கோட்டுல பெரியம்மாவ வரச் சொன்னே?"ன்னு கேட்டேன். "நெனே ஜட்ஜு முன்னால பயந்து மாத்திப் பேசறாங்களான்னு பார்த்தேன். அங்கயும் மூணு வருஷம்னுதான் சொன்னாங்க. பொய் சொல்லாத நெனே பக்கத்துல வளர்ந்த பிள்ளை, அங்கயே இருக்கட்டும்னு போட்டேன்." கல்யாணத்துக்கு வந்தா, எனக்குப் பக்கத்துலயே நின்னா, மல்லிகா ரெண்டு பேரு கால்லயும் விழுந்தா. இப்ப ஆ லானும் இல்ல.

நான் எடுத்தேனா அவ குடுத்தாளான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியல. அது கூடப் போகட்டும். எனக்குத் தூக்கத்தக் கெடுக்கறது வேற. பலாமரத்தடியில அத்தன வருஷமா எத்தன சீனங்க, எத்தன மலாய்க்காரங்க வந்து உக்காந்தாங்க. பெரியம்மா பேசி முடிப்பாங்க, நான் மாத்திச் சொல்ல ஆரம்பிப்பேன். அவங்க ஒருத்தரும் பெரியம்மா பக்கம் திரும்ப மாட்டாங்க, நான் பேசி முடிக்கற வரைக்கும் மரியாதையா என் மூஞ்சியவே பார்த்துக்கிட்டு இருப்பாங்க. இப்ப நெனச்சா, அவங்களுக்கெல்லாம் ஏற்கெனவே கேட்டு முடிஞ்சிருந்துச்சோ? அப்ப நான் யாருக்குப் பேசிக்கிட்டு இருந்தேன்?

சரி, இவ்வளவுதான். கண்ணு, என்ன தலையக் குனிஞ்சுக்கிட்டே இருக்கே, நிமிரு. உங்கம்மா பின்னால துணி காயப் போடறா, போய்க் கூட்டிக்கிட்டு வா. அவ வந்து உக்காரட்டும். அப்புறம் மொதல்ல இருந்து சத்தமாப் படி, நானும் கேக்கறேன்.